பச்சையம்மாவின் மூன்று நிமிட இங்கிலீஷ்

புதிதாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, சுவரில் ஒரு திரை, தொட்டால் பேசுகிற போன். எங்களுக்கு இருந்தது சாக்பீஸும் தொண்டையும்தான். சென்ற வாரம் உங்களில் ஒரு பெண் என்னிடம் வந்து, "மேடம், பசங்களுக்குப் பெரிய பெரிய வார்த்தையா எப்படிச் சேர்க்கறது?" என்று கேட்டாள். பெரிய வார்த்தை கிடக்கட்டும் அம்மா. அது அகராதியில் பத்திரமாக இருக்கும், எங்கும் ஓடிப்போகாது. நான், நீ, அவர். இரு, போ, வா. உள்ளே, மேலே, பக்கத்தில். ஒரு மனுஷி உயிர் போகிற அவசரத்தில் இங்கிலீஷ் பேச வேண்டி வந்தால் இந்தச் சில்லறைச் சொற்களைத்தான் பொறுக்கி எடுத்துப் பேசுவாள். அப்படிப் பேசிய ஒருத்தியை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு உபயோகப்படும். உபயோகப்படாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன், எனக்கு அவள் ஞாபகமாக இருக்கிறது.

எழுபதுகள் முடிகிற சமயம். திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு டுடோரியலில் எனக்கு வேலை. கீழே பாயின் இரும்புக் கடை, மாடியில் நாங்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவர்கள்தான் எங்களுக்கு வாடிக்கை. டுடோரியலை நடத்தியவரை எல்லோரும் பெரிய சார் என்போம். பலகையில் மூன்று கட்டம் போடுவது அவர் முறை. முதல் கட்டத்தில் ஆள், இரண்டாவதில் செய்கை, மூன்றாவதில் இடமும் அதை ஒட்டவைக்கும் சின்னச் சொல்லும். நான் பிரம்பால் ஒவ்வொரு கட்டமாகத் தொட வேண்டும். வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்த வேண்டும். எந்தப் புது வகுப்புக்கும் முதல் வாக்கியம் "த லேம்ப் இஸ் ஆன் த ஹில்". மலையில் தீபம் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், அதனால் அர்த்தம் சொல்லவே வேண்டாம்.

கீழே ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும் பாய்க்கு எங்கள் பாடம் முழுக்க மனப்பாடம். ஒருநாள் படியில் இறங்கும்போது பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, காலைலேர்ந்து 'ஹி இஸ் இன் த கிச்சன்'னே கேக்குது. அந்தாளு சமையக்கட்ட விட்டு வெளியவே வரமாட்டாரா?"

பெரிய சாருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பலகையில் நல்ல வாக்கியம்தான் எழுத வேண்டும். சேர்ந்த புதிதில் நான் "அந்த மனிதனுக்கு உடம்பு சரியில்லை" என்று இங்கிலீஷில் எழுதிவிட்டேன். அவர் வகுப்புக்குள் வந்தார், டஸ்டரை எடுத்தார், அழித்தார். "அத்தன பேரும் சேந்து பத்து தடவ கத்தறாங்க. கோயில பக்கத்துல வெச்சுக்கிட்டு சீக்காளிய எதுக்கும்மா எழுதறே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் பலகையில் யாருக்கும் காய்ச்சல்கூட வந்ததில்லை. எல்லோரும் பள்ளிக்கூடம் போனார்கள், மார்க்கெட்டிலிருந்து வந்தார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

மதிய வேளையில் பெண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு. அதில் வந்து சேர்ந்தவள்தான் பச்சையம்மா. அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். வயல் வேலை முடித்து, குளித்து, ஈரத் தலையை அப்படியே முடிந்துகொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், பரீட்சை எழுதப் போவதில்லை. பிறகு எதற்கு இங்கிலீஷ் என்று எனக்கும் புரியவில்லை.

ஒருநாள் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன். உன் கணவர் எங்கே? ஒருத்தி "ஹி இஸ் இன் த ஷாப்" என்றாள், அடுத்தவள் "ஹி இஸ் இன் த ஃபீல்ட்" என்றாள். பச்சையம்மா எழுந்து "ஹி இஸ் இன்..." என்றாள். அதோடு நின்றுவிட்டாள். பலகையில் இத்தனை இடம் எழுதியிருக்கிறதே, எதையாவது சொல்லேன் என்று நான் பிரம்பால் தட்டிக்காட்டினேன். அவள் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின் பெஞ்சில் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவளாகவே வந்தாள்.

"டீச்சர், எங்க ஊட்டுக்காரரு கொத்தனாரு. துபாய்ப் பக்கம் போயி மூணு வருஷம் ஆவுது. மொத வருஷம் லெட்டர் வந்துச்சு. அப்புறம் வரலீங்க."

"வேற தகவலே இல்லையா?"

"எங்க மூத்தாரு மெட்ராஸ் போறப்ப, வேலையாளுங்க தங்கியிருக்கிற கேம்ப்பு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேப்பாரு. வந்து, 'நல்லா இருக்கான், வேலை ஜாஸ்தி, லீவு கம்மி'ம்பாரு. எப்ப கேட்டாலும் அதே பேச்சுதான். அது அங்க சொன்னதா, இவரு எனக்காகச் சொல்றதா? ஒருவாட்டி என் காதால கேக்கணுங்க. அந்த கேம்ப்பு ஆபீஸ்ல தமிழ் ஆளு யாரும் கிடையாதாம். இங்கிலீஷ்தானாம்."

மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். அவர் வீட்டுச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதிவைத்திருந்த போன் நம்பரை, கூட்டிப் பெருக்குகிற சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். என்னிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். வெளிநாட்டுக்கு ட்ரங்க் கால் போட்டால் மூன்று நிமிடம் பேசலாம் என்றும் விசாரித்து வைத்திருந்தாள். அவளுக்கு வேண்டியது அந்த மூன்று நிமிடத்துக்கான இங்கிலீஷ். பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்தே பழகிய எனக்கு அன்றுதான் முதல்முதலாகப் பயம் வந்தது.

தினமும் வகுப்புக்குப் பிறகு அவளை மட்டும் உட்காரவைத்தேன். நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன். நான் என் கணவருடன் பேச வேண்டும். அவர் உங்களிடம் இருக்கிறாரா? அவர் நலமாக இருக்கிறாரா? இவ்வளவுதான். கெட்டிக்காரி, சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேம்ப் ஆபீஸ் குமாஸ்தாவாக நடிப்பேன், அவள் சாக்பீஸ் டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டு பேசுவாள்.

குமாஸ்தா பெயர் கேட்கும்போது மட்டும் தகராறு. கணவன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். ஏழு விரலைக் காட்டுவாள், பிறகு ஜன்னல் வழியாக மலையைக் காட்டுவாள். ஏழுமலை. "டெலிபோன்ல விரல் தெரியாது பச்சையம்மா" என்றால், "அன்னிக்குப் பாத்துக்கிறேங்க" என்று சிரிப்பாள். அவளுக்கு "ஹி" என்ற சொல்மேல் அவ்வளவு பிரியம். பெயரும் வேண்டாம், மரியாதைக்கும் குறைவில்லை, யாருக்கும் தெரியாமல் அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தச் சொல்லை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொல்வாள். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை, பிறகும் ஆகவில்லை. அந்த ஒரு சொல்லை அப்படிச் சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்.

கேள்விகள் எல்லாம் தயாரானதும் நான் திருப்தியாகப் புத்தகத்தை மூடினேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நாம கேக்கறது சரிங்க. அவங்க இன்னா சொல்லுவாங்க?"

அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அன்றிலிருந்து பதில்களைப் பழகினோம். அவர் இங்கே இருக்கிறார். அவர் வேலைக்குப் போயிருக்கிறார். அவர் எங்களிடம் இல்லை, வேறு கம்பெனியில் இருக்கிறார். ஒவ்வொன்றையும் வேகமாக, மெதுவாக, மூக்கால் என்று பலவிதமாகச் சொல்லிக் காட்டினேன். கடைசியாகத் தயங்கித் தயங்கி "அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்" என்பதையும் சொன்னேன்.

"இன்னொண்ணு கீது டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி சாக்பீஸ்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். நெற்றியில் வட்டமாகக் குங்குமம் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பவளிடம் எந்த வாயால் அதைச் சொல்வது? பலகையில் ஒரு காய்ச்சலைக்கூட அனுமதிக்காத இடம் அது.

"அதெல்லாம் வேணாம். நல்லதே வரும்" என்றேன்.

"நீங்க சொல்லிக் குடுக்கலைன்னா இன்னா ஆவும் தெரியுங்களா? அந்தாளு அதச் சொல்லுவான். எனக்குப் புரியாது. நான் 'தேங்க்யூ சார்'னு சொல்லிட்டு போன வெச்சுடுவேன்."

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தை மெல்லச் சொன்னேன். அவள் திருப்பிச் சொல்லவில்லை, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். வேறுவிதமாகவும் சொல்வார்கள், அதையும் சொன்னேன். அவள் உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். "போதுங்க, புரிஞ்சுது" என்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பினால் வாசலில் பெரிய சார் நின்றுகொண்டிருந்தார்.

அவள் போகும்வரை காத்திருந்தார். "பலகைல எழுதலையேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லீங்க சார்."

"சரி. கேட்டா வெளங்கணுமே. சொல்லித்தான் ஆவணும்" என்று படியிறங்கிப் போய்விட்டார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அன்று அவர் எதையும் அழிக்காமல் போனதுதான்.

போனுக்கு எங்கே போவது? கீழே பாய் கடையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் பாய், "இதுக்குப் போயி இவ்ளோ யோசன பண்ணீங்களா? வரச் சொல்லுங்க அந்தம்மாவ" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தோம். தொழுகைக்குப் போன பாய் திரும்பியும் வந்துவிட்டார், லைன் வரவில்லை. பச்சையம்மா ஆணி மூட்டைமேல் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தாள்.

மதியம் சாய்ந்த பிறகு மணி நீளமாக அடித்தது. பாய் ஓடிப்போய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார், தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்க. சாமான் வாங்க வந்தவர்களை, "கொஞ்சம் இருங்க, வெளிநாட்டு கால்" என்று வெளியிலேயே நிறுத்தினார். பச்சையம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது.

நான் இந்தியாவிலிருந்து பேசுகிறேன். நான் என் கணவருடன் பேச வேண்டும். ஒரு தடுமாற்றமும் இல்லை. என் வகுப்பில் யாரும் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

அந்தப் பக்கம் பெயர் கேட்டிருக்கிறார்கள்.

அவள் வாய் திறந்தது, மூடியது. கை தன்னால் எழுந்து விரலை விரித்தது. போனுக்கு முன்னால் விரலை விரித்து என்ன செய்ய? மூன்று நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் எனக்குத் தெரியும். ரிசீவரை வாங்கி ஒரு சொல் சொன்னால் போதும். என் கை பாதி தூரம் போய்விட்டது. பாய் என்னையே பார்க்கிறார், பேசுங்களேன் என்று கண்ணால் சொல்கிறார். இப்போது நான் வாங்கிப் பேசினால் நானும் இன்னொரு மூத்தார்தான். "நல்லா இருக்காராம், வேலை ஜாஸ்தியாம்" என்று அவளிடம் திரும்பிச் சொல்லப்போகிற இன்னொரு ஆள். கையை இழுத்துக் கட்டிக்கொண்டேன். வேலையில் நான் எடுத்த முடிவுகளில் இதைவிடக் கஷ்டமானது வேறு எதுவும் கிடையாது.

அவள் எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி, சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏழுமலை" என்றாள். பிறகு சத்தமாக, "மேசன் ஏழுமலை!"

மறுபடியும் காத்திருந்தாள். ரிசீவரைக் காதோடு அழுத்தி அழுத்திக் காது மடல் சிவந்துவிட்டது. எனக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுச் சொன்ன அந்த வாக்கியம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாமி, அது வேண்டாம், வேறு எது வந்தாலும் பரவாயில்லை என்று வேண்டிக்கொண்டேன். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. "யெஸ் சார்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இஸ் ஹி வெல்?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டாள்.

அடுத்து அவள் சொன்னது நாங்கள் பழகாதது.

"சார், டெல் ஹிம். ஐ ஆம் அட் ஹோம்."

அவரிடம் சொல்லுங்கள், நான் வீட்டில் இருக்கிறேன். நிமிடம் இன்னும் பாக்கி இருந்தது. ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டாள். தேங்க்யூ சொல்லவில்லை.

பாய் ஷட்டரைத் தூக்கினார். நான் அவளுடன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். கோயில் மதிலைத் தாண்டினோம்.

"அவரு இங்க இல்ல. வெளிய போயிருக்காரு, நல்லா இருக்காருன்னான் அந்தாளு" என்றாள்.

எனக்குப் போன உயிர் வந்தது. "அப்பாடா. வந்ததும் சொல்லிடுவாங்க. அதுக்குத்தான் டெல் ஹிம்னு சொன்னியா?"

"இல்ல டீச்சர். அந்தாளு சொல்றதுக்கு முன்னாடி, பின்னாலேர்ந்து ஒரு கொரல் கேட்டுச்சு. 'டெல் ஹர், ஐ ஆம் நாட் ஹியர்.' அவருதான்."

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஆஸ்பத்திரி வரைக்கும் பழகினோம், அதற்கு அப்பாலும் பழகினோம். பக்கத்தில் நின்றுகொண்டே ஒருவன் தான் இல்லை என்று சொல்லச் சொல்வான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த வாக்கியத்தில் அவளுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் என் பலகையில் இருந்த சொற்கள், நான் பிரம்பால் தொட்டுக் காட்டியவை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திரும்பிப் போய் மறுபடியும் கால் போட்டு அந்த மனுஷனை நாலு கேள்வி கேட்கலாம் என்றேன்.

"வேணாம் டீச்சர். அவருக்கும் இங்கிலீஷ் வந்துடுச்சு பாத்தீங்களா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். எந்த வாக்கியம் யாருக்கு வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். கேட்க வருகிறவர்களுக்குக் கேட்டதைக் கொடுங்கள். அவர்கள் தாங்குவார்களா என்ற கவலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பேசக் கற்றுக்கொடுக்கிற அதே அளவுக்குக் கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

அந்த வருடமே எனக்கு வெளியூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்தது. பச்சையம்மா அப்புறம் என்ன ஆனாள், அவர் வந்தாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போது மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டுகிறபோது ஒவ்வொரு வாசலாகப் பார்ப்பேன். எந்த வீடு என்று ஒருநாளாவது கேட்டு வைத்துக்கொண்டேனா? அந்த மதிய வகுப்பும், ஈரத் தலையோடு முதல் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருப்பதும் இன்னொரு முறை கிடைத்தால் வேறு எதுவும் வேண்டாம் என்று இருக்கிறது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன், மனசு போய் நிற்பது அங்கேதான்.

போன் பேசிய மறுநாள் அவள் வகுப்புக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். வழக்கம்போல முதல் பெஞ்சு, நெற்றியில் அதே வட்டக் குங்குமம். வரிசையாகக் கேள்வி கேட்டு வந்த நான் அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போனேன். அவளே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், தொண்ட கட்டியிருக்குதுங்கறத இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றது?"

"யாருக்கு?"

"நேத்து அவரு கொரல் கட்டியிருந்துச்சு. சளி புடிச்சா அவருக்குச் சட்டுனு எறங்காது. அடுத்த தபா போன் போட்டா அந்தாளுகிட்டச் சொல்லணுங்க, வெந்நீ குடுக்கச் சொல்லி."

நான் அவள் பக்கம் திரும்பாமல் பலகையை முழுக்க அழித்தேன். நோயை எழுதக் கூடாத அந்தப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன். அவருக்குச் சளி பிடித்திருக்கிறது. அவருக்கு வெந்நீர் கொடுங்கள். வாசலில் பெரிய சார் வந்து நின்றார், படித்தார், டஸ்டர் இருந்த மேஜையைப் பார்த்தார். அதைத் தொடவில்லை. "ம், சொல்லச் சொல்லும்மா" என்றார்.

வகுப்பு மொத்தமும் சேர்ந்து கத்தியது. "கிவ் ஹிம் ஹாட் வாட்டர்." இன்னொரு முறை, இன்னும் சத்தமாக. அது கீழே கடைவரைக்கும் கேட்டிருக்கும், ஆனாலும் அன்று சாயங்காலம் நான் படியிறங்கியபோது பாய் என்னைப் பிடித்து நிறுத்திக் கிண்டல் செய்யவில்லை.